பறவைக்குச் சாதி இல்லையாம்!

"குருவிக்கு ஏதுங்க சாதி?" என்று கேட்டார் அந்த மனிதர். 2023 மே மாதம், நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில், ஒரு காலை நேரத்தில், நல்ல தமிழில் கேட்டார். குருவிக்கு இருக்கிறது என்று நான் எங்கே சொன்னேன்? குருவியைப் பார்க்கிறவனுக்கு இருக்கிறது. பார்க்கிற கண்ணாடிக்கு இருக்கிறது. நின்று பார்க்கிற மண்ணுக்கும் இருக்கிறது. அங்கே அதற்கு நிறம் என்று பேர், இங்கே வேறு பேர்.

இதை எழுதப்போகிறேன் என்று சொன்னதும் தோழர் ஒருவர் முகம் சுளித்தார். "வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குடிதண்ணித் தொட்டியில் மலத்தைக் கலந்தானுங்க. நீங்க அமெரிக்காவில் குருவி பார்த்த கதையை எழுதுறீங்களா?" நியாயமான கேள்வி. சுளித்த முகத்துக்கும் சேர்த்துத்தான் பதில் சொல்கிறேன், பொறுமையாக வாசிக்கட்டும். தண்ணிக்கும் வருவேன்.

அக்கா மகன் அங்கே வேலை பார்க்கிறான். பள்ளிக்கூட விடுமுறையில் போய் ஒரு மாசம் இருந்தேன். பகல் முழுக்க அவன் ஆபீஸ், நான் ஜன்னல். பாவப்பட்டு ஒருநாள், "மாமா, பறவை காட்டுற நடை ஒண்ணு இருக்கு, காசு கட்டிட்டேன், போயிட்டு வாங்க" என்றான். காலை ஏழரை மணி. மேற்கு வாசலில் பதினைந்து இருபது பேர். எல்லார் கழுத்திலும் பைனாகுலர். தாலி மாதிரி ஒருத்தரும் கழற்றவில்லை. வழிநடத்தியவர் எழுபதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்கார அம்மா. குரலை உயர்த்தாமல் பேசினார். என் கழுத்து மட்டும் வெறுங்கழுத்து.

பறவை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் பொய் இல்லை. தெற்கிலிருந்து, தென் அமெரிக்காவிலிருந்தும் கரீபியன் தீவுகளிலிருந்தும், சித்திரை வைகாசியில் குருவிகள் வடக்கே கனடா வரைக்கும் வலசை போகின்றன. ராத்திரியில் பறக்கின்றன. தெற்குக் காற்று அடித்த ராத்திரிக்கு மறுநாள் கூட்டம் அதிகம். விடியும்போது கீழே பார்த்தால் சிமெண்டுக் காடு, நடுவில் 843 ஏக்கர் பச்சை. பசித்த உசிருக்கு வேறு போக்கிடம் ஏது? அப்படியே இறங்குகின்றன. பூங்காவுக்குள்ளேயே ராம்பிள் என்று ஒரு பகுதி, கோணல்மாணலான பாதைகள், ஓடை, பாறை, மரக்கூட்டம். அங்கேதான் எல்லாரும் போகிறார்கள்.

வார்ப்ளர் என்கிறார்கள். நம் புத்தகங்களில் கதிர்க்குருவி என்று போடுவார்கள், ஆனால் இவை அந்தக் குடும்பம் இல்லை. விரல் நீளம். உச்சாணிக் கொம்பில் ஒரு இடத்தில் நிற்காது. அந்த அம்மா மரத்தையே கடிகாரமாக்கி, "பதினொரு மணி, மேல் கிளை, இலைக்குப் பின்னால்" என்று சொல்வார். இருபது கழுத்தும் ஒன்றாக அண்ணாந்துவிடும். கழுத்து வலிக்கு அங்கே வார்ப்ளர் கழுத்து என்றே பேர். பிளாக்பர்னியன் என்று ஒன்றைக் காட்டினார். தொண்டையில் தணல் துண்டு வைத்த மாதிரி அப்படி ஒரு ஆரஞ்சு. வாயைப் பிளந்துவிட்டேன். பிளாக்போல் என்று இன்னொன்று, எடை பன்னிரண்டு கிராம் சொச்சம்தான். அது இலையுதிர் காலத்தில் திரும்பும்போது அட்லாண்டிக் கடலுக்கு மேலே இரண்டு மூன்று நாள் இறங்காமல் பறக்கிறதாம். 2015இல் அதன் முதுகில் சின்னக் கருவி கட்டிப் பார்த்து உறுதி செய்திருக்கிறார்கள். நாற்பத்தெட்டு வருசம் நான் ஏன் இதையெல்லாம் பார்க்கவில்லை என்று அந்த இடத்திலேயே கேட்டுக்கொண்டேன்.

நான் வெறுங்கழுத்தோடு நிற்பதைப் பார்த்து, பக்கத்தில் இருந்த இந்தியர் தன் பைனாகுலரைக் கொடுத்தார். இரண்டாவது தடவை கொடுக்கும்போது "தமிழா?" என்றார். சந்தோஷம். மூன்றாவது தடவை "நேட்டிவ் எது சார்?" சொன்னேன். "அட, எங்க பாட்டி ஊருக்குப் பக்கம்தான்!" நாலாவது தடவை, "அங்க எந்தத் தெரு?"

தோழர்களே, இந்தத் தெருக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று நான் உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஏழு கடல் தாண்டினாலும் தெரு நம் பின்னாலேயே வருகிறது, விசா இல்லாமல். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லி என்ன ஆகப்போகிறது? "காலனிங்க" என்றேன். "ஓ" என்றார். ஒற்றை எழுத்து. சாத்திரம் பூராவும் அந்த எழுத்துக்குள் அடங்கிவிட்டது. பைனாகுலரை வாங்கினார். சட்டைப் பையிலிருந்து ஒரு மெல்லிய துணியை எடுத்து, கண் வைக்கிற பக்கத்தைத் துடைத்தார்.

கண்ணாடியைத் துடைப்பது வழக்கம்தான், எல்லாரும் துடைக்கிறார்கள், நீங்கள் எதிலும் சாதி பார்க்கிறீர்கள் என்பார்கள். ஆமாம், துடைக்கிறார்கள். ஆனால் இதற்கு முன் மூன்று தடவை என் கையிலிருந்து வாங்கியபோது அவர் துடைக்கவில்லை. ஐந்தாவது தடவை கொடுக்கவும் இல்லை. "நீங்க இதுல சாதி கொண்டு வராதீங்க" என்று நான் ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்னாலேயே சொன்னவரும் அவர்தான். அதன் பிறகுதான் அந்தக் குருவிக்கு ஏதுங்க சாதி. கேட்காத கேள்விக்குப் பதில் எங்கிருந்து வருகிறது பார்த்தீர்களா?

இதைக் கவனித்தாரோ என்னவோ, அந்த வெள்ளைக்கார அம்மா தன் பைனாகுலரைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டார். தனக்கு எல்லாம் காதிலேயே தெரியும் என்றார். இதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவன். ஆனால் ஒரு நல்ல அம்மாவை வைத்து அந்தப் பூங்காவுக்கே நற்சான்று கொடுக்க முடியாது.

2020 மே 25, இதே ராம்பிளில் என்ன நடந்தது என்று உலகத்துக்கே தெரியும். கிறிஸ்டியன் கூப்பர் என்ற கறுப்பர், வயது 57, ஹார்வர்டில் படித்தவர், மார்வெல் காமிக்ஸில் ஆசிரியராக இருந்தவர், பறவை பார்க்க வந்திருந்தார். அந்தப் பகுதியில் நாயைக் கயிறில்லாமல் விடக்கூடாது என்பது விதி. கயிறில்லாமல் விட்டிருந்த ஒரு வெள்ளைப் பெண்ணிடம் கட்டச் சொன்னார். அவ்வளவுதான். அந்தப் பெண் போனை எடுத்து, ஒரு ஆப்பிரிக்க அமெரிக்கன் தன் உசிருக்கு ஆபத்து விளைவிக்கிறான் என்று போலீசைக் கூப்பிட்டார். அதைச் சொல்லப்போகிறேன் என்று முதலில் அவரிடமே அறிவித்துவிட்டுத்தான் கூப்பிட்டார். எந்த வார்த்தையைச் சொன்னால் எந்தத் துப்பாக்கி வரும் என்று கணக்குத் தெரிந்த கூப்பாடு அது. கூப்பர் அதைத் தன் போனில் படம் பிடித்திருந்ததால் தப்பித்தார். அதே நாள் மின்னியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் போலீஸ்காரனின் முழங்கால். அங்கே படம் இருந்தும் உசிர் போனது.

அந்தப் பெண் மேல் போட்ட பொய்ப் புகார் வழக்கு, அவர் ஆலோசனை வகுப்புகளை முடித்தார் என்று 2021 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. கூப்பரே வழக்குக்கு ஒத்துழைக்க மறுத்துவிட்டார், அவருக்கு ஏற்கெனவே வேலை போய்விட்டதே என்று. பெருந்தன்மை. பெருந்தன்மை காட்டுகிற வேலையும் எப்போதும் அடிபட்டவன் தலையில்தான் விழுகிறது. நம் ஊரிலும் வன்கொடுமை வழக்கில் சமாதானம் பேச வருகிறவன் யார் வீட்டு வாசலுக்கு வருகிறான்?

அந்த வாரமே கறுப்பின இளைஞர்கள், பெரும்பாலும் விஞ்ஞானம் படித்தவர்கள், 'கறுப்பினப் பறவை நோக்கர் வாரம்' என்று அறிவித்து இணையத்தில் தங்கள் படங்களைப் போட்டார்கள். காட்டில், சேற்றில், கழுத்தில் பைனாகுலரோடு. நாங்கள் இருக்கிறோம் என்பதுதான் கோஷம். அதற்கும் முன்னால், 2013இலேயே டுரூ லேன்ஹம் என்ற கறுப்பினப் பறவை ஆய்வாளர் தம் மக்களுக்கு விதிமுறை எழுதினார். தலையை மூடுகிற சட்டை போட்டுப் போகாதே, அடையாள அட்டைகளைக் கையிலேயே வைத்திரு, இப்படி. கிண்டலாகத்தான் எழுதினார். வாசித்தால் சிரிப்பு வரும், பிறகு தொண்டை அடைக்கும்.

இனி அந்த மண்ணைப் பற்றி. ராம்பிளிலிருந்து வடமேற்கே கொஞ்ச நேரம் நடந்தால், 82ஆவது தெருவுக்கும் 89ஆவது தெருவுக்கும் நடுவில் ஒரு மேடான புல்வெளி. அது ஒரு ஊர். செனிக்கா கிராமம். 1825இல் ஆண்ட்ரூ வில்லியம்ஸ் என்ற ஷூ பாலிஷ் போடும் கறுப்பு இளைஞர், வயது 25, 125 டாலருக்கு மூன்று மனை வாங்கினார். அப்போது நியூயார்க் மாநிலத்தில் அடிமை முறை முழுசாக ஒழியவில்லை, 1827இல்தான் ஒழிந்தது. அவரைப் பின்பற்றி மற்றவர்களும் வாங்கினார்கள். மூன்று தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம், கல்லறைத் தோட்டம். 1855இல் சுமார் 225 பேர், மூன்றில் இரண்டு பங்கு கறுப்பர், மீதி பெரும்பாலும் ஐரிஷ்காரர்கள். கறுப்பு ஆணுக்கு 250 டாலர் சொத்து இருந்தால்தான் ஓட்டு என்று மாநிலம் சட்டம் வைத்திருந்தது. வெள்ளையனுக்கு அந்த நிபந்தனை இல்லை. 1845இல் நகரத்தில் ஓட்டுரிமை பெற்றிருந்த கறுப்பர் நூறு பேரில் பத்துப் பேர் இந்த ஊர்க்காரர்கள். நிலம் என்றால் ஓட்டு, ஓட்டு என்றால் மனுசன். பஞ்சமி நிலத்துக்கு நாம் ஏன் உசிரை விடுகிறோம் என்று கேட்கிறவர்களுக்கு இது புரிய வேண்டும்.

1857இல் பூங்காவுக்காக அந்த ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பூங்கா நிலம் முழுவதிலும் இருந்து வெளியேற்றப்பட்டவர்கள் சுமார் 1,600 பேர். அதற்கு முன் பத்திரிகைகள் அவர்களைக் குடிசைவாசிகள், ஆக்கிரமிப்பாளர்கள் என்று எழுதித் தீர்த்தன. பட்டா வைத்திருந்தவன் ஆக்கிரமிப்பாளன்! ஆக்கிரமிப்பு என்ற வார்த்தையைக் கேட்டால் சென்னைத் தோழர்களுக்குக் காது கூசும். கூவம், அடையாறு கரையிலிருந்து லாரியில் ஏற்றி நம்மைக் கொண்டுபோய்ப் பெரும்பாக்கத்தில் கொட்டினார்கள். பக்கத்திலேயே பள்ளிக்கரணை சதுப்பு நிலம், 2022இல் உலக அளவில் ராம்சர் அங்கீகாரம் பெற்ற இடம். பறவை பார்க்க அங்கே காரில் வருகிறார்கள். எட்டாவது மாடியில் தண்ணி வராத வீட்டிலிருந்து நம் பிள்ளைகள் அந்தக் காரைப் பார்க்கிறார்கள்.

2011இல் ஆராய்ச்சியாளர்கள் செனிக்கா மண்ணைத் தோண்டினார்கள். ஒரு இரும்புக் கெண்டி கிடைத்தது. ஒரு குழந்தையின் தோல் செருப்பு கிடைத்தது. நூற்றைம்பது வருசம் அதன் மேல் புல் வளர்த்து, புல் மேல் துணி விரித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். அங்கே ஒரு ஊற்று இருக்கிறது, டேனர் ஊற்று என்று பேர். குருவிகள் குளிக்கவும் குடிக்கவும் இறங்குகிற இடம், ஆகையால் பறவை நோக்கர்களுக்கு அது பிரியமான இடம். செனிக்கா மக்களுக்குத் தண்ணி கொடுத்த ஊற்று இதுவாக இருக்கலாம் என்கிறார்கள். எங்களை அங்கேயும் கூட்டிப்போனார்கள். ஒரு குருவி குளித்தது. எல்லாரும் மூச்சை அடக்கினார்கள். நான் மகாத் குளத்தை நினைத்துக்கொண்டேன். 1927 மார்ச் 20, பாபாசாகேப் சவுதார் குளத்தில் இறங்கி ஒரு கை அள்ளிக் குடித்தார். தாகத்துக்காக மட்டுமா இறங்கினார்? மாடும் பறவையும் இறங்குகிற தண்ணியில் மனுசன் இறங்கக்கூடாது என்றவர்களுக்கு முன்னால் இறங்கினார். தோழருக்கு என் முதல் பதில் இதுதான். வேங்கைவயல் தொட்டியும் இந்த ஊற்றும் வேறு வேறு விஷயம் இல்லை.

பாபாசாகேப் அந்த நகரத்தில்தான் படித்தார். 1913 முதல் 1916 வரை, கொலம்பியா பல்கலைக்கழகம். பூங்காவின் வடக்கு எல்லை 110ஆவது தெரு, பல்கலைக்கழகம் 116. 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையை அவர் வாசித்தது 1916 மே 9. அதாவது வலசை உச்சத்தில் இருக்கிற வாரம். அந்தக் காலையில் அவர் ஜன்னலுக்கு வெளியிலும் ஏதாவது ஒரு வார்ப்ளர் கத்தியிருக்கும். கேட்க நேரம் இருந்திருக்காது மனுசனுக்கு.

அதே 1916இல் அதே நகரத்தில் மேடிசன் கிராண்ட் என்பவர் வெள்ளை இன மேன்மையைப் பாடி ஒரு புத்தகம் போட்டார். யார் இந்த கிராண்ட்? காடு காப்பவர், விலங்கு காப்பவர், பிராங்க்ஸ் மிருகக்காட்சிசாலையை உருவாக்கியவர்களில் ஒருவர். அந்த மிருகக்காட்சிசாலையில்தான் 1906 செப்டம்பரில் ஓட்டா பெங்கா என்ற காங்கோ நாட்டு இளைஞரைக் குரங்குக் கூண்டில் வைத்துக் காட்டினார்கள். அதை நடத்தும் அமைப்பு மன்னிப்புக் கேட்டது 2020இல். கிராண்டின் புத்தகத்துக்கு முன்னுரை எழுதிய ஆஸ்பர்ன் யார் தெரியுமா? சென்ட்ரல் பூங்காவின் மேற்கு ஓரத்தில், ராம்பிளுக்கு எதிர்த்தாற்போல் நிற்கிற இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் தலைவர். 1921இல் இனமேம்பாட்டுக்காரர்களின் உலக மாநாடு நடந்ததும் அந்தக் கட்டடத்தில்தான். இயற்கையை நேசிக்கிறவன் மனுசனையும் நேசிப்பான் என்று பள்ளிப் பாடத்தில் சொல்லித் தருகிறோம், நானே சொல்லித் தந்திருக்கிறேன். பிள்ளைகள் மன்னிக்க வேண்டும்.

பேருக்கும் வருவோம். அமெரிக்கப் பறவைகளை வரைந்து புகழ்பெற்ற ஆடுபான், மனிதர்களை விலைக்கு வாங்கி விற்றவர். அடிமை ஒழிப்பை எதிர்த்தவர். நாட்டின் பெரிய பறவைச் சங்கம் அவர் பேரில் இருக்கிறது. 2023 மார்ச்சில் பேரை மாற்றப்போவதில்லை என்று முடிவெடுத்தது. நியூயார்க் கிளையோ மாற்றுவோம் என்று அதே மாதம் சொல்லி, 2024 ஜூனில் மாற்றியே விட்டது. பறவையியல் சங்கம் 2023 நவம்பரில் ஒருபடி மேலே போய், மனிதர் பேர் வைத்த பறவைகளுக்கெல்லாம் வேறு பேர் வைப்போம் என்று அறிவித்தது. அடிமை முறைக்காகப் போரிட்ட ஒரு தளபதியின் பேரை ஒரு குருவி சுமந்துகொண்டிருந்தது, 2020இலேயே அதை இறக்கிவைத்தார்கள். பேரை மாற்றினால் வயிறு நிறையுமா என்று அங்கேயும் கேட்கிறார்கள். இங்கே ஊர்ப்பெயரோடு நம் சாதிப் பேரைச் சேர்த்துப் பலகை வைத்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தக் கேள்வி வராது.

இன்னொன்று. ராத்திரியில் கண்ணாடிக் கட்டடங்களின் வெளிச்சத்தில் மயங்கி, விடிகாலையில் கண்ணாடியில் மோதி அந்த நகரத்தில் வருசத்துக்கு 90,000 முதல் 2,30,000 வரை பறவைகள் சாகின்றன என்று அந்தப் பறவைச் சங்கம் மதிப்பிடுகிறது. புதுக் கட்டடங்களில் பறவைக்குத் தெரிகிற கண்ணாடிதான் போட வேண்டும் என்று 2019 டிசம்பரில் நகரமன்றம் சட்டம் போட்டது. நல்ல விஷயம், கை தட்டினேன். மலக்குழியில் மனுசன் இறங்கக்கூடாது என்று நாமும் 1993இல் ஒரு சட்டம், 2013இல் ஒரு சட்டம் போட்டோம். கை தட்ட முடியவில்லை.

சரி, தோழரின் கேள்வி பாக்கி இருக்கிறது. சோத்துக்கு இல்லாதவனுக்குக் குருவி எதுக்கு?

எனக்குப் பத்து வயது. எங்கள் ஊர் ஏரிக்கரையில் நின்று உள்ளான் குருவி சேற்றைக் கொத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் ஒன்றும் இல்லை, கவட்டை கூட இல்லை. சும்மா நின்றேன். ஊர்த் தெரு ஆள் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "என்னடா பாக்குற?" என்றார். "குருவிங்க சாமி" என்றேன். "குருவி பாக்குறியா, மோட்டார் கொட்டகையப் பாக்குறியா?" அடித்தார். அப்பா போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து அவரும் அடித்தார். "வேல இருந்தா நில்லு, இல்லேன்னா நடந்துகிட்டே இரு" என்றார்.

இந்த வாக்கியத்தைத்தான் நம்மில் பலர் சொத்தாக வாங்கியிருக்கிறோம். நாம் வயலில் நின்றால் கூலி, சாக்கடையில் நின்றால் வேலை. சும்மா நின்றால் திருடன். சேற்றில் குனிந்து பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து நாரையையும் கொக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது நம் சனம். எந்த மாசம் எது வரும், எது வந்தால் மழை என்று என் பாட்டிக்குத் தெரிந்தது எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. ஆனால் பார்ப்பது என்ற ஒரு காரியம், வேலையில்லாமல் நின்று தலையைத் தூக்கிப் பார்ப்பது, மேட்டுக்குடியின் பொழுதுபோக்கு என்று நாமே அதைத் தூக்கி அவனிடம் கொடுத்துவிட்டோம். சோறு முதலில், குருவி அப்புறம் என்கிற வரிசையை யார் போட்டது? கூப்பருக்குச் சோறு இருந்தது. ஹார்வர்டு இருந்தது. அந்தப் பெண் பறிக்க முயன்றது சோற்றை இல்லை, அங்கே நிற்கிற உரிமையை. நம்மிடம் பறிப்பதும் அதைத்தான், தோழர். சோற்றைப் போட்டுவிட்டுக்கூடப் பறிப்பான்.

திரும்பி வரும்போது அக்கா மகன் ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுத்தான். மலிவானதுதான். போன கார்த்திகையில் எங்கள் இரவுப் பாடசாலைப் பிள்ளைகள் ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு அதே ஏரிக்கரைக்குப் போனேன். கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். யாரும் கண்ணாடியைத் துடைக்கவில்லை. மூக்குச்சளி ஒட்டியிருந்தது, அப்படியே பார்த்தார்கள். அரைமணி நேரம் போயிருக்கும், ஒரு புல்லட் வந்து நின்றது. இறங்கவில்லை. என்ஜினை அணைக்கவும் இல்லை.

"என்ன வாத்தியாரே, இங்க என்ன பாக்குறீங்க?"

நான் வாயைத் திறக்குமுன் ஆறாம் வகுப்புப் பொண்ணு ஒன்று, பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே, "உள்ளான்" என்றாள். "அஞ்சு இருக்கு. சத்தம் போடாதீங்க, பறந்துடும்."